தேர்க்காலும் நட்டஈடும்

மனுநீதிகண்ட சோழன் வரலாற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். திருவாரூர்த் தெருவிலே அரசிளங்குமரன் தேரேறிச் சென்றான். இளங்கன்று ஒன்று தேர்க்காலினிடையே புகுந்து இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலிலே தொங்கிய ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. அரசன் தன் ஒருமகனை வீதியிற் கிடத்தி அவன்மேல் தேரூர்ந்தான். சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிற் பாடிய இவ்வரலாற்றை யாம் இருபது ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகின்றோம். செங்கோன்மை, முறைவழுவாமை, மகவினும் அறமே பெரிதெனக் கொள்ளல் என்னும் தலைப்புக்களில் மாணவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்தித் தீர்ந்த சிவப்புப் பேனைகளுக்குக் கணக்கில்லை. ஆயினும், அஃது ஒரு வீதி விபத்தின் வரலாறு என்பது எமக்கு அண்மைக்காலம் வரை தோன்றவில்லை. தோன்றச் செய்தவன் எம்மிடம் படித்த மாணவன் ஒருவன். அவன் கதையைப் பின்னர்க் கூறுவாம்.

இதே வரலாறு நம் ஈழநாட்டு நூலொன்றிலும் உண்டு. சோழநாட்டினின்று வந்து அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு அரசாண்ட எல்லாளனது நீதியை மகாவம்சத்தின் 21ஆம் அதிகாரம் போற்றிப் பேசுகின்றது. அவனுடைய ஒரே மகன் திசவாவியை நோக்கித் தேரிற் செல்லும்போது, அறியாமலே கன்றொன்றின் கழுத்தின்மேல் தேர்க்காலைச் செலுத்தினான். பசு வந்து மணியை அடித்தது. அதே தேர்க்காலினால் மகனுடைய தலையைத் துணிக்குமாறு அரசன் செய்தான். இரு நூல்களும் ஒன்றையே கூறுகின்றன என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். யாமும் அவ்வாறே சொல்லி வந்தோம். ஆனால், அவற்றிடையே சிறிய வேற்றுமை ஒன்றுண்டு. பெரியபுராணத்திலே கன்று தானே வந்து தேர்க்காலிடைப் புகுந்தது. மகாவம்சத்திலே கன்று தாயோடு வழியிலே படுத்துக் கிடந்தது.

இவ்வேற்றுமையைப் பல்லாண்டு கற்பித்தும் யாம் கவனித்திலேம். ஒரு சட்டத்தரணியோ கேட்ட மாத்திரத்திலே பிடித்துக்கொள்வார். திடீரெனக் குறுக்கே புகுந்த கன்றை எத்துணை விழிப்புள்ள சாரதியாலும் காத்தல் அரிது. வழியிற் படுத்துக்கிடந்த கன்றை விழிப்புள்ள சாரதி கண்டிருப்பான், கண்டு விலகியிருப்பான். முன்னையது வெறும் விபத்து, பின்னையது கவலையீனம். இரண்டிலும் கன்று இறந்தது, இரண்டிலும் பசு கதறியது. ஆனால் சாரதியின் பிழை ஒன்றில் உண்டு, மற்றொன்றில் இல்லை. இற்றைநாள் நீதிமன்றங்களிலே வாகன விபத்து வழக்குக்களில் நாட்கணக்காக வாதிக்கப்படுவது பெரும்பாலும் இவ்வொரு வேற்றுமையே என்க.

அரசர் இருவரும் இவ்வினாவை எழுப்பினாரல்லர். ஆயின், திருவாரூர் அரசன் வேறொன்றைக் கண்டான். அந்தணர் விதித்த கழுவாயைச் செய்வித்தால் போதும் என அமைச்சர் கூறியபோது, கன்றை இழந்த பசுவின் துயரம் அதனால் ஆறுமோ என்று அவன் வினாவினான். மிக ஆழமான வினா அது. தீங்கிழைத்தவன் தூய்மையடைதல் ஒன்று. தீங்குற்றவர் குறை தீர்தல் வேறொன்று. கண்டும் பயன் என்? மகன்மேல் தேர் ஊர்ந்தமையாற் கன்று மீண்டதோ எனின், இல்லை. இறைவன் எழுந்தருளிய பின்னரே கன்றும், மகனும், அரசன் ஆணையை நிறைவேற்றமாட்டாது தன்னுயிரைத் துறந்த அமைச்சனும் எழுந்தனர். நீதிமன்றங்களுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலினாலே சட்டம் வேறொரு வழியைத் தேட வேண்டியதாயிற்று.

அவ்வழியும் மகாவம்சத்தின் அதே அதிகாரத்திலேயே உண்டு. எல்லாளன் ஒருகால் பௌத்த சங்கத்தாரை அழைக்கும் பொருட்டுச் சேதிய மலைக்குத் தேரிற் சென்றான். தேரின் நுகமுனை அங்கிருந்த தூபியொன்றில் இடித்து அதனைச் சிதைத்தது. அமைச்சர் அதனை எடுத்துரைத்தனர். அறியாது நிகழ்ந்ததாயினும் அரசன் தேரினின்றும் இறங்கி வீதியிலே கிடந்து, இத்தேர்க்காலினாலே எனது தலையையும் துணியுங்கள் என்றான். பிற உயிருக்கு ஊறு செய்தலைத் தம் ஆசான் விரும்பார் எனவும், தூபியைச் செப்பனிட்டுக் கொடுத்தலே தக்கது எனவும் அவர்கள் விடையிறுத்தனர். பெயர்ந்து வீழ்ந்த கற்கள் 15. அவற்றை மீள வைத்தற்கு அரசன் செலவிட்டது 15,000 கஹாபணம்.

ஒரே அரசன், ஒரே வகைப் பிழை. தன் மகன் செய்தபோது தலைக்குத் தலை என்றான். தான் செய்தபோதும் அதையே கேட்டான். பிறர்தாம் அவனுக்கு வேறு வழி காட்டினர். சிதைந்ததை எண்ணி, எண்ணியவாறே ஈடு செய்க என்பது அவ்வழி. நட்டஈட்டுச் சட்டத்தின் கருவை இதனினும் சுருக்கமாக விளக்கும் கதை வேறொன்றை யாம் அறியோம்.

இனி, இலங்கையிலே இன்று ஒருவரின் கவலையீனத்தால் மற்றொருவர் கைகாலை இழப்பின் எச்சட்டத்தின்படி ஈடு கேட்பது? தேசவழமை என்பார் சிலர். தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்டது. முதுசொம், சீதனம், ஈடு, காணிக் கொடுக்கல் வாங்கல் என்பவற்றை அது விரித்துரைக்கும். முறிந்த எலும்புக்கு அங்கே மருந்தில்லை. தேசவழமை பேசாத இடத்திலே நம்மை ஆள்வது உரோமன் ஒல்லாந்துச் சட்டமாகும். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியவர்கள் அதனைக் கொண்டுவந்தார்கள்; அவர்களுக்குப்பின் வந்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டு செப்தெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனத்தால் அதனை நிலைக்கவிட்டனர். ஒல்லாந்து நாட்டிலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு சட்டக்கோவைகள் வந்து அதனை நீக்கிவிட்டன. இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் அது இன்றும் உயிரோடிருக்கின்றது. பெற்றவள் கைவிட்ட பிள்ளை பேர்த்தியார் வீட்டிலே வளர்ந்தவாறு என்னலாம்.

அச்சட்டத்தின் வேர் உரோமாபுரியிலே ஏறக்குறைய கி.மு. 287இல் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் அக்குவிலியச் சட்டம். பிறனுடைய அடிமையையேனும் மந்தை விலங்கையேனும் தவறாகக் கொன்றவன், கழிந்த ஓராண்டினுள் அதற்கிருந்த மிக உயர்ந்த விலையை உடையவனுக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அதன் முதற்பிரிவு. எல்லாளன் காலத்துக்கு அது நெடுந்தொலைவு முந்தியதன்று. அச்சட்டத்தின்படி நம் கன்றினது வழக்கு விசாரிக்கப்பட்டிருப்பின், கன்றுக்குடையவன் ஒரு விலை பெற்றுச் சென்றிருப்பான். அரசிளங்குமரன் உயிர் தப்பியிருப்பான். பசுவின் பேச்சே எழுந்திராது. எது மேல் என மாணவர் வாதிட்டுப் பார்க்கலாம்.

இச்சட்டத்துக்கு உரோம நியாய அறிஞர் கூறிய விளக்கங்கள் யசுத்தினியன் பேரரசனால் கி.பி. 533இல் வெளியிடப்பட்ட பெருந்தொகுப்பிலே அடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று நம் தேர்க்காலுக்கு உறவானது. கப்பித்தோல் குன்றின் ஏற்றத்திலே கோவேறு கழுதைகள் பூட்டிய சுமைவண்டிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. கழுதைகளுக்கு உதவியாக முன்வண்டியைச் சாரதிகள் பின்னின்று தாங்கிக் கொடுத்தனர். அவ்வண்டி பின்னோக்கிச் சரியத் தொடங்கியது. இடையில் நின்றவர்கள் விலகிவிட்டார்கள். அது பின்வண்டியிலே மோத, பின்வண்டி உருண்டு சென்று அடிமைச் சிறுவன் ஒருவனை நசுக்கிற்று. யார்மேல் வழக்கிடுவது எனச் சிறுவனுக்கு உடையவன் அல்பேனசு என்னும் அறிஞரைக் கேட்டான். காரணத்தைப் பொறுத்தது என்பது அவர் விடை. தாங்கி நின்றவர்கள் தாமாகவே கைவிட்டமையாற் கழுதைகள் சுமையை நிறுத்தமாட்டாது போயினவெனின், பிழை அம்மனிதர்மேலது. கழுதைகள் எதற்கோ மருண்டு பின்வாங்க, நசுங்கிவிடுவோம் என அஞ்சி மனிதர் விலகினாரெனின், அவர்மேற் பிழையில்லை, கழுதைக்குடையவன் பொறுப்பாளி. கழுதைகள் சுமை தாங்காது சறுக்கி வீழ, மனிதராலும் தடுக்க முடியவில்லையெனின், இருதிறத்தார் மேலும் வழக்கில்லை. எவ்வாறாயினும், பின்வண்டியின் கழுதைகளுக்குடையவன் மேல் வழக்கே இல்லை. அவன் வண்டி தானாகப் பின்செல்லவில்லை, மோதப்பட்டன்றோ சென்றது.

ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்விடையிலே பேருந்து விபத்து வழக்கொன்றின் முழு வாதமும் இருக்கின்றது. தடுப்புக்கருவி பழுதானதோ, சாரதி உறங்கினானோ, சுமை மிகையோ, மாடு குறுக்கிட்டதோ என்று நாம் இன்றும் கேட்கின்றோம். யார் மோதினார் என்பது தெரு வினா. எதனால் மோதினார் என்பது சட்ட வினா.

கவலையீனம் என்பதுதான் யாது? மரக்கிளை வெட்டுபவனைக் கொண்டு உரோமர் அதனை விளக்கினர். மரத்தின்மேல் இருந்து கிளையைத் தறித்து வீழ்த்துபவன் கீழே செல்வோருக்குக் குரல் கொடாதிருந்து, அக்கிளை வீழ்ந்து ஒருவன் இறந்தால் அவன் பொறுப்பாளி. கருத்துள்ள ஒருவன் முன்னறிந்திருக்கக் கூடியதை முன்னறியாமையே பிழை என மூக்கியசு என்பார் அங்கே இலக்கணம் வகுத்தார். காலந்தாழ்த்துக் குரல் கொடுத்தலும் கொடாமையோடு ஒக்கும். நம் ஊர்களிலே பனையோலை வெட்ட ஏறுபவர் ஓலையைப் போடுமுன், "ஓலை விழுகுது, விலத்துங்கோ" என்று கூவுவதை யாவரும் கேட்டிருப்போம். சட்டம் படியாத அவ்வேழைத் தொழிலாளர் மூக்கியசின் இலக்கணத்தை நாளும் கடைப்பிடிக்கின்றார்கள். கட்டில்லாக் கிணற்றை வீதியோரத்தில் வைத்திருப்போரும், மதிலின்மேற் போத்தல் ஓட்டைப் பதித்து அது உதிர்ந்து ஒழுங்கையிற் கிடப்பதைப் பாராதிருப்போரும் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

பந்தாடுமிடத்துக்கு அருகே கதிரை போட்டுச் சவரம் செய்த நாவிதன் ஒருவனைப் பற்றியும் அத்தொகுப்பிலே உண்டு. பந்து வந்து கையிற் பட, கத்தி கழுத்தை அறுத்தது. ஆபத்தான இடத்திலே தொழில் செய்த நாவிதன் பிழை என்றனர் சிலர். அத்தகைய இடத்திலிருக்கும் நாவிதனிடம் கழுத்தைக் கொடுத்தவன் தன்னையே நொந்துகொள்ளட்டும் என்றனர் பிறர். வகுப்பிலே இதனைக் கூறினால் மாணவர் சிரிப்பர், சிரித்தபின் வாதிடுவர். ஈட்டியெறியும் மைதானத்தினூடே காலமல்லாக் காலத்திற் கடந்து சென்று குத்துண்டவனைப் பற்றியும் அங்கே பேசப்படுகின்றது. இல்ல விளையாட்டுப் போட்டி நாட்களிலே எறிகளத்துக்குக் கயிறு கட்டுவித்துக் காவல் நிறுத்தும் எம் விளையாட்டாசிரியரை, வீணாகப் பயப்படுகிறீர்கள் என்று யாமே ஒருகால் நகையாடியதுண்டு. அந்நகையை இங்கே மீட்டுக்கொள்கின்றோம்.

இனி விலைக்கு வருவோம். கன்றுக்கு விலையுண்டு, தூபியின் கல்லுக்கு விலையுண்டு, மனிதன் கைக்கு விலை யாது? உரோமர் இவ்விடத்திலே தயங்கினர். மேல்மாடியிலிருந்து எறிந்த பொருள் வீதியிற் செல்லும் சுயாதீன மனிதனைக் காயப்படுத்தினால், வைத்தியருக்குக் கொடுத்த கூலியும், ஏனைய வைத்தியச் செலவும், இழந்த உழைப்பும், இனி இழக்கப்போகும் உழைப்பும் கணக்கிடப்படும். தழும்புக்கும் உருக்குலைவுக்கும் ஒன்றுமில்லை. சுயாதீன மனிதனின் உடல் விலைமதிப்புக்கு உட்படாதது என்பது காரணம். இதனைப் படித்தபோது எமக்கு முதலில் பெருமிதமே தோன்றியது. மனித உடலை விலைபேசமாட்டோம் என்பது உயர்ந்த கொள்கையன்றோ! சற்றுச் சிந்தித்தபின் வேறுவிதமாகத் தோன்றியது. விலையிலி என்று புகழ்ந்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புதல் காயமுற்றவனுக்கு என்ன ஆறுதல்?

இத்தயக்கத்தைத் தீர்த்தவர் ஒல்லாந்தர். ஊகோ குரோத்தியசு என்னும் பேரறிஞர் சிறையிலிருந்த காலத்தில் எழுதி 1631இல் வெளிவந்த சட்ட நூலிலே, உடல் வேதனையும் உருக்குலைவும் உண்மையில் ஈடுசெய்ய இயலாதன எனினும், கேட்கப்படின் பணத்தால் மதிக்கப்படும் என்று கூறினார். ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொண்டு, ஆயினும் கொடு என்றும் விதித்த இவ்வொரு வாக்கியத்திலே உரோமரினும் மனிதத்தன்மை மிகுந்திருக்கின்றது. இன்று நம் நீதிமன்றங்களிலே வைத்தியச் செலவு, இழந்த ஊதியம், எதிர்கால உழைப்பிழப்பு ஆகியவற்றோடு வேதனைக்கும், உருக்குலைவுக்கும், வாழ்வின் இன்பங்களை இழந்தமைக்கும் ஈடு கேட்கலாம். உழைத்தவர் இறந்தவிடத்து அவரை நம்பி வாழ்ந்த மனைவி மக்கள் தாம் இழந்த பராமரிப்புக்கு ஈடு கேட்கலாம். துக்கத்துக்கு மட்டும் அச்சட்டத்திலே தொகையில்லை. பசுவின் துயருக்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எம் மாணவன் கதைக்கு இப்போது வருகின்றோம். பெயர் வேண்டா. தமிழிலே திறமை மிக்கவன், அழகிய கையெழுத்துடையான். வீட்டு வறுமையாற் படிப்பை நிறுத்தி, மா அரைக்கும் ஆலையொன்றிலே வேலைக்குச் சேர்ந்தான். யந்திரத்தின் வார்ப்பட்டிக்கு இடவேண்டிய மூடி அங்கே சுவரோடு சாத்தப்பட்டிருந்தது; பட்டி கழன்றால் விரைவில் மாட்டுவதற்கு அதுவே வசதி என்பது ஆலைக்காரர் எண்ணம். ஒருநாள் வலக்கை பட்டியிடையே அகப்பட்டுக் கட்டைவிரல் தவிர்ந்த நான்கு விரல்களும் போயின. ஆலைக்காரர் வைத்தியசாலைக்கு வந்து போனார், பழமும் கொணர்ந்தார், சிறு தொகையொன்று கொடுத்து, இனி ஒரு கோரிக்கையுமில்லை எனத் தாளொன்றிலே தகப்பனாரிடமும் மகனிடமும் ஒப்பம் பெற்றார். மகன் இடக்கையால் ஒப்பமிட்டான்.

சில நாட்கழித்துத் தகப்பனார் நற்சான்றுப் பத்திரம் ஒன்று கேட்டு எம்மிடம் வந்தார். "நடக்கிறது நடந்துபோச்சுது, வாத்தியார். எல்லாம் அவன்ரை தலையெழுத்து" என்றார். யாமும் தலையசைத்து, ஊழின் வலியைப் பற்றி நீதிப் பாடல்கள் இரண்டைக் கூறி, நற்சான்றும் எழுதிக்கொடுத்து அனுப்பினோம். அன்று ஆறுதல் கூறியதாகவே எண்ணினோம்.

மூன்றாண்டு சென்றது. இம்மலர் பற்றிக் கலந்துரையாடப் பழைய மாணவர் கூடிய நாளிலே, சட்டத்தரணியாகிய ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதனைச் சொன்னோம். அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பேனையைத் திறந்தார். "கை போய் எவ்வளவு காலம், மாஸ்டர்?" என்றார். மூன்றாண்டு என்றோம். பேனையை மூடிவிட்டார்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, இழப்பு, ஊறு, சேதம் என்பவற்றுக்கான வழக்கு இரண்டாண்டினுள் தொடுக்கப்படல் வேண்டும். காணி வழக்கில் ஒரு தலைமுறை பொறுத்திருக்கும் நம்மவருக்கு இரண்டாண்டு என்பது கண்மூடித் திறக்கும் நேரம். காயம் ஆறவே ஓராண்டு செல்லும். சாதகம் பார்த்து, நேர்த்தி முடித்து, உறவினரோடு கலந்து பேசுதற்குள் மற்றையாண்டும் கழியும்.

அச்சட்டத்தரணி மேலும் சில கூறினார். யந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பிடுதல் வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் விதிக்கின்றது. ஆதலாற் சுவரோடு சாத்திய மூடியே ஆலைக்காரருக்கு எதிரான சாட்சி. அன்றியும், வேலையாளருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் என வேறொரு வழியுமுண்டு. செருமனியில் 1884இலும் இங்கிலாந்தில் 1897இலும் பிறந்த சட்டங்களின் வழிவந்தது அது. அங்கே கப்பித்தோல் குன்றின் ஆராய்ச்சி வேண்டியதில்லை. வேலையின் காரணமாக வேலைநேரத்திலே விபத்து நிகழ்ந்தது எனக் காட்டினாற் போதும். முதலாளியின் பிழையை எண்பிக்க வேண்டா. மதுபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறல் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கையிழந்தாற்கு இவ்வளவு, விரலிழந்தாற்கு இவ்வளவு என உழைக்கும் ஆற்றலின் இழப்பை நூற்றுவீதமாகக் குறிக்கும் அட்டவணையும் அதிலே சேர்க்கப்பட்டுள்ளது. எல்லாவற்றினும் எம்மை உறுத்தியது, உரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் உடன்படிக்கை அச்சட்டத்தின் முன் செல்லாது என்பது. அவன் இடக்கையால் இட்ட ஒப்பத்துக்கு அஞ்சி வீட்டிலிருந்திருக்க வேண்டியதில்லை.

வீதி விபத்துக்களைப் பற்றியும் கேட்டு அறிந்தோம். பொலிசார் வழக்கிட்டுச் சாரதிக்குத் தண்டம் விதிக்கப்பட்டால் வழக்கு முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அத்தண்டம் காயமுற்றவருக்கு உரியதன்று. காயமுற்றவர் தமக்குரிய ஈட்டைப் பெறுதற்கு மாவட்ட நீதிமன்றிலே தாமே வேறு வழக்கிடல் வேண்டும். எதிராளி வறியவனாயின் வழக்கிட்டு என்ன பயன் எனவும் நினைத்தல் வேண்டா. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் திறத்தாருக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயின், காப்புறுதி நிறுவனத்துக்கும் காலத்தில் அறிவித்தல் கொடுத்தாலன்றித் தீர்ப்புப் பணத்தை அதனிடம் பெறுதல் இயலாது. நம் பக்கத்திலும் பிழையுண்டே என்று கூச்சப்படுவோரும் உளர். முன்னாளிலே அக்கூச்சத்துக்குப் பொருளிருந்தது. தன்மேலும் பிழையுள்ளவன் வழக்கை முற்றாக இழக்கும் நிலையிருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதனை மாற்றிவிட்டது. விளக்கில்லாத் துவிச்சக்கர வண்டியில் இரவிற் சென்றவனைப் பிழையான பக்கத்தால் வந்த வான் மோதியது என வைத்துக்கொள்வோம். இழப்புப் பத்து இலட்சமாகவும் சென்றவன் பிழை நூற்றுக்கு முப்பதாகவும் நீதவான் மதிப்பின், அவனுக்கு ஏழு இலட்சம் கிடைக்கும். நாவிதனும் கழுத்தைக் கொடுத்தவனும் இப்போது பிழையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே விபத்து நேர்ந்த வீட்டார் வைத்தியத்துக்கு அடுத்தபடியாகப் பொலிசில் முறைப்பாட்டைப் பதிவித்து அதன் பிரதியைப் பெறுக. கண்டவர்களின் பெயரும் முகவரியும் அன்றே குறித்துக்கொள்க. வைத்திய அறிக்கை, மருந்துச் சிட்டை, கூலிச் சிட்டை எதனையும் எறியாது ஒரு கடதாசிப் பையிலே சேர்த்து வைக்க. சட்டம் தெரிந்த ஒருவருக்குக் காட்டாது எத்தாளிலும் ஒப்பமிடற்க. நம் பழைய மாணவருள்ளே சட்டத்தரணிகள் எத்தனையோ பேர் இருக்கின்றனர். ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதினால் மறுமொழி தராதார் அவருள் இலர். மூன்றாண்டுக்கு முன்னர் யாம் எழுதியிருக்க வேண்டியது நற்சான்று மட்டுமன்று, அத்தகைய கடிதமும் ஆகும்.

அவன் இப்போது சந்தியிலே சிறு கடையொன்று நடத்துகின்றான். கணக்கை இடக்கையால் எழுதுகின்றான். கோணலாயினும் எழுத்துத் தெளிவு. சென்ற மாதம் அவ்வழியாற் போகும்போது கடையிலே சற்று நின்று பேசினோம். சட்டத்தரணி கூறியவற்றையும், யாம் தாமதித்ததையும் மறையாது சொன்னோம். அவன் கோபிக்கவில்லை, தேநீர் தந்தான். அந்த ஆலையின் வார்ப்பட்டிக்கு இப்போதாயினும் மூடி போட்டிருக்கிறார்களா என்று வினாவினோம்.

"ஓம் சேர், நல்ல இரும்பு வலை அடிச்சுப் போட்டிருக்கினம்" என்றான்.

எப்போது போட்டார்கள் என்றோம்.

"நான் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கையே போட்டிட்டினம், சேர்" என்றான்.